செத்த செடியையும் கொண்டு வாருங்கள்: ராமநாதபுரம் கடற்கரைத் தோட்டக்காரர்கள் கூடிக் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

கடற்கரை விடுதி ஒன்றுக்குப் புல்தரை போட்டுக் கொடுத்தேன். மெக்சிகன் புல், பத்து சென்ட். மாசியில் போட்டது சித்திரை வரை குளுகுளுவென்று இருந்தது. வைகாசியில் திட்டுத் திட்டாக மஞ்சள். தண்ணீர் போதவில்லை போல என்று விடுதிக்காரர் இரண்டு மடங்கு பாய்ச்சினார். ஆனி பிறந்தபோது மொத்தமும் வைக்கோல். பேசிய கியாரண்டிப்படி என் காசில் மறுபடி போட்டேன். அதுவும் தேறவில்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அதே விடுதியில் எனக்கு முன்னால் அவர் போட்ட புல்லும் அதே ஆனியில்தான் செத்திருக்கிறது. கோடையில் மோட்டார் ஓட ஓட அந்தக் கிணற்றில் உப்பு ஏறும். அது அவருக்குத் தெரியும். வெளியே சொன்னால் பேர் கெட்டுவிடும் என்று சொல்லவில்லை. நானும் அதே காரணத்துக்காகத்தான் யாரிடமும் வாய் திறக்காமல் இருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் ரசத்துக்குக் கை நனைத்துக்கொண்டிருந்த அன்றைக்கு, மூன்றாவது ஆள் அங்கே புல் போட்டுக்கொண்டிருந்தார்.

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நம் தொழிலில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. நர்சரி வைத்திருப்பவர்கள், விடுதித் தோட்டத்தில் சம்பளத்துக்கு இருப்பவர்கள், லேண்ட்ஸ்கேப் கான்ட்ராக்ட் எடுப்பவர்கள், மல்லிகை நாற்றுப் போடுபவர்கள், தென்னை ஏறுபவர்கள் என்று நிறையப் பேர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு அறிவு இருக்கிறது, அதை மடியில் முடிந்து வைத்திருக்கிறோம். அவற்றைச் சேர்ப்பது எப்படி என்று, ஏழு பேராக ஆரம்பித்துத் தட்டுத் தடுமாறிச் செய்ததை வைத்துச் சொல்கிறேன். படி என்று எண் போட்டிருக்கிறேனே தவிர, ஒன்று முடிந்துதான் அடுத்தது என்றில்லை. முதல் இரண்டை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

படி 1: ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். உயிரோடு இருக்கும் செடியைப் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறோம். செத்ததை விடிவதற்குள் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் புதுசு வைத்துவிடுகிறோம். நோட்டு இந்த இரண்டாவது வகைக்குத்தான்.

எழுத வேண்டியவை: இடம், எந்தக் கடல் பக்கம், கரையிலிருந்து எத்தனை அடி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, செடி எங்கே வாங்கியது, நட்ட நாள், வாடத் தொடங்கிய நாள், எந்தப் பக்கத்திலிருந்து வாடியது. கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியும். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: “செம்பருத்தி 40. வடகடல் பக்கம், கரையிலிருந்து 300 அடி. ஐப்பசியில் நட்டது. தை முதல் வாரம் வடக்குப் பார்த்த இலை மட்டும் கருகல். தெற்குப் பக்கம் பச்சை.” இதை எழுதியபோது எனக்குக் காரணம் புரியவில்லை. ஒரு மீன்பிடிக்காரர் வாசித்துவிட்டு, “இது வாடை சுட்டது அண்ணே” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

பாம்பன் பக்கத்தார் பாக் நீரிணைக் கடலைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வடகடல், தென்கடல் என்றும் உண்டு. வடக்கிலிருந்து வாடைக் காற்று வீசும் காலத்தில் வடகடல் பக்கத் தோட்டத்தில் உப்புச் சாரல் அடிக்கும். தெற்கிலிருந்து சோழகக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் பக்கத்தாருக்கு அதே கதை. ஆகவே மண்டபம் ஊரின் ஒரு கரையில் நன்றாக வந்த செடி, சில கிலோமீட்டர் தள்ளி எதிர்க் கரையில் அதே மாதத்தில் நட்டால் வராமல் போகலாம். நடவு மாதத்தை முடிவு செய்ய, பஞ்சாங்கத்தைப் புரட்டுவதற்கு முன்னால் கரையில் வலை பின்னுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

இன்னொரு அடையாளமும் குறித்துக்கொள்ளுங்கள். காற்றில் வரும் உப்பு காற்று வரும் பக்கத்து இலைகளைத்தான் முதலில் கருக்கும், தளிர் நுனியையும் தாக்கும். வேர் வழியாக வரும் உப்பு செடியைச் சுற்றிலும் ஒரே மாதிரி, முற்றிய இலைகளின் ஓரத்தில் ஆரம்பிக்கும். முதலாவதற்கு மறைப்பு வேலி வேண்டும். இரண்டாவதற்குத் தண்ணீரையும் மண்ணையும் பார்க்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு உரக்கடைக்கு ஓடியவர்கள் நம்மில் எத்தனை பேர்!

படி 2: உப்பு அளக்கும் பேனா

எங்கள் முதல் கூட்டத்திலேயே ஒரு சண்டை. ஒரே வாளித் தண்ணீரில் இரண்டு பேர் தங்கள் டி.டி.எஸ். (கரைந்த உப்பு) பேனாவை விட்டார்கள். ஒன்று 1,500 காட்டியது, இன்னொன்று 2,100. “உன்னது டூப்ளிகேட்” என்று ஆரம்பித்தது, டீ வரும் வரை ஓயவில்லை. உண்மையில் இரண்டு பேனாவும் சரி. அந்தப் பேனா உப்பை நேரடியாக எடை போடுவதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று அளந்து, அதை ஒரு எண்ணால் பெருக்கி டி.டி.எஸ். என்று காட்டுகிறது. சில கம்பெனிகள் 0.5 ஆல் பெருக்கும், சில 0.7 ஆல். இரண்டையும் மின்கடத்துத் திறனுக்கு மாற்றினால் இரண்டு பேருக்கும் 3 தான்.

ஆகவே ஒரு குழுவாகச் சேர்ந்தால் முதல் ஒப்பந்தம் இது: எல்லோரும் ஈ.சி. என்கிற மின்கடத்துத் திறனில்தான் பேச வேண்டும். அளவு, மீட்டருக்கு இத்தனை டெசி சைமன். பேனாவில் சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லி சைமன் என்று வந்தாலும் எண் அதேதான். பாசன நீருக்கு உலக உணவு வேளாண்மை அமைப்பு சொல்லும் பொதுக் கணக்கு: 0.7க்குக் கீழே கவலை இல்லை. 0.7 முதல் 3 வரை செடியைத் தேர்ந்து வைக்க வேண்டும். 3க்கு மேல் போனால் உப்பைத் தாங்கும் செடி தவிர வேறு எதற்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

அளக்கும் முறையும் முக்கியம். மோட்டார் போட்ட உடனே ஒரு தடவை, ஒரு மணி நேரம் ஓடியதும் ஒரு தடவை, மூன்று மணி நேரம் கழித்து ஒரு தடவை. அதே கிணற்றைத் தையில் ஒரு முறையும் ஆனியில் ஒரு முறையும் பாருங்கள். நம் கரையில் மணலுக்கடியில் நல்ல தண்ணீர் கடல் நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை அது உப்பை அழுத்தி வைத்திருக்கும். அந்த ஒரு அடியை இறைத்துத் தீர்த்தால் கீழேயிருந்து உப்பு மேலேறத் தொடங்கும். என் புல்தரை செத்த கணக்கு இதுதான். விடுதிக்காரர் இரண்டு மடங்கு பாய்ச்சியதுதான் மருந்தென்று நினைத்துக் கொடுத்த விஷம். ஆழம் போனால் நல்ல தண்ணீர் வரும் என்பது உள்நாட்டு நம்பிக்கை. ராமேஸ்வரம் தீவில் அது தலைகீழ், அகலமான ஊற்றுக்குழியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதே புத்தி.

படி 3: யாரிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்பது

பயிற்சி என்றதும் கோயம்புத்தூரைப் பார்க்கிறோம். பார்க்கலாம், அதற்கும் வருகிறேன். அதற்கு முன் தங்கச்சிமடத்தைப் பாருங்கள்.

மதுரை மல்லி 2013ல் புவிசார் குறியீடு வாங்கியது. பூ அவர்களுடையது. ஆனால் தமிழ்நாட்டு மல்லிகைத் தோட்டங்களில் நிற்கும் கன்றுகளில் பெரும்பகுதி தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் சுற்றுவட்டார மணலில் வேர் பிடித்தவை. வெளி மாநிலத்துக்கும் இங்கிருந்தே போகிறது. ஒன்றேகால் மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 2,560 கன்று வேண்டும். அத்தனையும் யாரோ ஒரு அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொருகிய குச்சி.

அப்படி ஒருவர் பாத்தியில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கட்டிலிருந்து ஒரு குச்சியை உருவுவார். மூன்று கணு. அடியில் கணுவுக்குக் கீழே சாய்வாக ஒரு வெட்டு. விரலால் மணலில் குழி. இரண்டு கணு உள்ளே, ஒன்று வெளியே. கட்டைவிரலால் இரண்டு பக்கமும் ஒரு அழுத்து. அடுத்த குச்சி. பேச்சு நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை. வேர் ஊக்கிப் பொடி தொடுவதில்லையா என்று கேட்டேன். “வேர் விடுறது குச்சி இல்ல தம்பி, மணலு. தண்ணி நிக்காது, காஞ்சும் போகாது. நீங்க செம்மண்ணக் கொட்டிக் கெடுக்குறீங்க” என்றார். லாரி லாரியாகச் செம்மண் இறக்கிப் பணம் வாங்குகிற எனக்கு அது சுருக்கென்று இருந்தது. காகிதப்பூ, அரளிக் குச்சிகளை அன்றிலிருந்து ஊற்று மணலில்தான் போடுகிறேன்.

அடுத்து, சபராளிகள். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் இல்லாத தெரு குறைவு. அதில் லேண்ட்ஸ்கேப் கம்பெனிகளில் இருந்தவர்களும் உண்டு. எங்கள் குழுவில் ஒருவர், எல்லோருக்கும் காக்கா (அண்ணன்), பதினெட்டு வருடம் துபாயில் போர்மேனாக இருந்தவர். சொட்டுநீர்க் குழாயில் உப்பு அடைத்தால் அமிலம் விட்டுக் கழுவுவது, கடலோரப் பாஸ்பாலம் என்கிற உப்பு தாங்கும் புல்லைக் கையாள்வது, பேரீச்சையை வேரோடு பெயர்த்து நடுவது எல்லாம் அத்துப்படி. உவர் நீரில் பயிர் வளர்ப்பதற்கென்றே 1999லிருந்து துபாயில் ஒரு சர்வதேச ஆராய்ச்சி மையம் இயங்குகிறது என்பதையும் அவர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். ஊருக்கு வந்தபின் ஏழு வருடம் அவர் மளிகைக் கடையில் உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஒரு எச்சரிக்கை. அங்கிருந்து புல் துண்டோ குச்சியோ பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். 2003 தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி அது குற்றம். தென்னையைப் பாடாய்ப் படுத்தும் சுருள் வெள்ளை ஈ 2016ல்தான் தமிழ்நாட்டில் தலைகாட்டியது. மத்திய அமெரிக்கப் பூச்சி அது, நடந்தா வந்தது?

பனையும் தென்னையும் ஏறுகிறவர்கள், வறட்சியை நாடி பிடித்துப் பார்க்கத் தெரிந்த முண்டு மிளகாய் விவசாயிகள் (2023ல் அந்த மிளகாய்க்கும் குறியீடு கிடைத்தது), காரங்காட்டு அலையாத்திக் காட்டை அறிந்தவர்கள் என்று பட்டியல் நீளும். உங்கள் ஊரில் இப்படி ஏழு பேர் பேரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். கைத்தொழில் ஒவ்வொன்றும் வேறாக இருக்க வேண்டும். ஏழு கான்ட்ராக்டர்கள் கூடினால் கூலி பேச்சுதான் நடக்கும்.

படி 4: கூட்டம்

மாதம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ, ஞாயிறு காலை மாதா கோயில், முகூர்த்த நாளில் பூ வேலை. இவற்றைத் தவிர்த்தால் எங்களுக்கு மிஞ்சியது செவ்வாய் மாலை. நாற்றுப் பாத்தியில் வேலை செய்யும் பெண்களுக்கு மூன்று மணிக்கு மேல்தான் ஒழியும், ஆறு மணிக்குள் வீட்டுக்குப் போக வேண்டும். இரவு எட்டு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு “பெண்கள் வருவதில்லை” என்று சொல்லாதீர்கள். நாங்கள் முதல் ஐந்து மாதம் அதைத்தான் செய்தோம்.

இடம், யாராவது ஒருவரின் வேலை நடக்கும் இடம். மண்டபம் எடுத்து நாற்காலி போட்டால் பேச்சாளர் வந்துவிடுவார், மாலை வந்துவிடும், கூட்டம் செத்துவிடும்.

நுழைவுக் கட்டணம் ஒரு செத்த செடி. வேரோடு, வேரைச் சுற்றிய மண்ணோடு, ஒரு பையில். முடிந்தால் ஒரு பாட்டிலில் அதற்குப் பாய்ச்சிய தண்ணீர். முதலில் அவற்றைத் தரையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கொண்டுவந்தவர் முதலில் பேசக் கூடாது. மற்றவர்கள் வேரைக் கீறி, மண்ணை முகர்ந்து, தண்ணீரை அளந்து ஊகம் சொன்ன பிறகுதான் அவர் நடந்ததைச் சொல்லலாம். இந்த ஒரு விதியால் சின்ன ஆளின் வாயும் திறந்தது. பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன், என் குரோட்டன் செடியின் வேர் பாலித்தீன் பைக்குள்ளேயே சுருண்டு கிடந்ததைப் பிரித்துக் காட்டினான். நட்டது நான், இருபது வருட அனுபவஸ்தன்.

அப்புறம் அரை மணி நேரம் ஒரு கைவேலை. ஒரு மாதம் ஒட்டுக்கட்டுதல், ஒரு மாதம் கவாத்துக் கத்தரி தீட்டுவது, ஒரு மாதம் சொட்டுநீர் வால்வு பிரிப்பது. பேச்சு இல்லை, செய்து காட்டி, எல்லோர் கையிலும் கொடுத்துச் செய்ய வைப்பது. உரக் கம்பெனிக்காரர்கள் டிபன் செலவை ஏற்றுக்கொள்கிறோம் என்று வருவார்கள். மரியாதையாக மறுத்துவிடுங்கள். டீக்கு ஆளுக்கு 20 ரூபாய் போட்டால் போதும்.

வாட்ஸ்அப் குழு வேண்டாமா என்பார்கள். வைத்துக்கொள்ளலாம், கூட்ட நாளை நினைவூட்ட. செடியின் வேரை அதில் முகர முடியாது.

தலைவர், செயலாளர் எல்லாம் முதல் வருடம் வேண்டாம். யார் இடத்தில் கூடுகிறோமோ அந்த மாதம் அவர்தான் தலைவர்.

படி 5: படிப்பும் சான்றிதழும்

சரி, இப்போது கோயம்புத்தூர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி இயக்ககம் தமிழிலேயே ஆறு மாதச் சான்றிதழ் படிப்புகள் நடத்துகிறது. பாடங்களின் பட்டியல் மாறிக்கொண்டிருக்கும், விண்ணப்பிக்கும்போது நாற்றங்கால், அலங்காரத் தோட்டம் சார்ந்தவை எவை என்று கேளுங்கள். ஆனால் நம் மண்ணுக்கு அதைவிடப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது: அதே பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம், ராமநாதபுரத்திலேயே. வேளாண் அறிவியல் நிலையமும் அங்கே உண்டு. தனியாளாகப் போய்க் கேட்பதைவிட, “நாங்கள் பதினைந்து பேர், எங்கள் நோட்டில் இந்த இருபது சாவு இருக்கிறது, இதற்கு ஒரு நாள் பயிற்சி வேண்டும்” என்று போனால் பதில் வேறு மாதிரி வரும். விஞ்ஞானிக்கும் நம் நோட்டு தேவை.

வேலை தெரியும், காகிதம் இல்லை என்கிறவர்களுக்கு முன்கற்றல் அங்கீகாரம் என்று ஒரு வழி இருக்கிறது. இந்திய வேளாண் திறன் கவுன்சில் தோட்டக்காரர் பணிக்குத் தரம் வகுத்து வைத்திருக்கிறது. ஏற்கெனவே கற்ற வேலையைப் பரீட்சித்துச் சான்று தருவார்கள். நிதி வரும்போது நடக்கும், இல்லாதபோது நின்றுவிடும். ஆகவே மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். உள்ளூரில் யாரும் அந்தச் சான்றைக் கேட்கப் போவதில்லை, உண்மை. பெரிய விடுதிக் குழுமம், அரசு டெண்டர், வெளிநாட்டு வேலை என்று வரும்போதுதான் அதன் மதிப்பு.

தென்னங்கன்று, பழக்கன்று, காய்கறி நாற்று விற்றால் 1983 விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் வேண்டும். விதை ஆய்வாளரிடம் கேட்டால் விண்ணப்பம் தருவார். உரம், மருந்து விற்கிறவர்களுக்கு ஐதராபாத்தின் மேனேஜ் என்கிற தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் வகுத்த ஒரு வருட டிப்ளமோ இருக்கிறது. 48 வாரத்தில் 8 வாரம் களப்பயணம். கடை வைத்திருப்பவர் தவறவிடக் கூடாது.

ஊர் சுற்றுவதும் படிப்புதான். பேக்கரும்பில் 2017ல் திறந்த கலாம் நினைவிடத்தின் தோட்டத்தைப் பத்துப் பேராகப் போய் இரண்டு மணி நேரம் பாருங்கள். சுற்றுலாக்காரர்கள் கட்டடத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் வாடைப் பக்க வேலியைப் பாருங்கள், எது கருகியிருக்கிறது, எது மாற்றி நடப்பட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 6: முதலாளியிடம் ஒரே குரலில் பேசுவது

இதற்குத்தான் கூட்டமே வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

கடற்கரையில் வீடோ விடுதியோ கட்டுகிறவர் முதல் நாள் சொல்வது, “இந்த முள்ளு, கொடி எல்லாத்தையும் எடுத்துட்டு லெவல் பண்ணிருங்க.” அவர் காட்டுவது இராவணன் மீசையும் அடப்பங்கொடியும். இராவணன் மீசை மணலைப் பிடித்து மேடாக்கும். அடப்பங்கொடி அதன்மேல் படர்ந்து பூட்டும். இரண்டையும் எடுத்தால் அடுத்த சோழகத்தில் மணல் அவர் வரவேற்பறைக்கு வரும். தவிர, 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் மணல்மேடுகள் மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகையில் இருக்கின்றன. கை வைக்கக் கூடாது. நான் தனியாளாக இதைச் சொன்னபோது “உங்களுக்குச் செய்யத் தெரியலன்னா சொல்லுங்க, வேற ஆளப் பாக்கிறேன்” என்றார் ஒருவர். வேறு ஆள் கிடைத்தார், அப்போதெல்லாம் கிடைப்பார். இப்போது எங்கள் பக்கம் அந்த வேறு ஆளும் குழுவில் இருக்கிறார்.

அதே மாதிரிதான் பனை. தோட்டத்தின் நடுவில் நிற்கிறது, பார்வையை மறைக்கிறது என்பார்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021ல் அரசு அறிவித்துவிட்டது. அதைச் சுற்றி வரைபடத்தை மாற்றுவதுதான் நம் வேலை. கோனோகார்பஸ் மரம் இன்னொரு தலைவலி. உப்பு தாங்கும், சட்டென்று சுவர் மாதிரி வளரும், கேட்கிறவர்களும் அதிகம். குஜராத் அரசு 2023ல் அதை நடத் தடை போட்டது, குழாயையும் கேபிளையும் வேர் கெடுக்கிறது, மகரந்தம் ஒவ்வாமை தருகிறது என்று. எங்கள் குழுவில் யாரும் அதை விற்பதில்லை என்று முடிவு செய்தோம். இதில் இருவருக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு.

மறுப்பு மட்டும் சொன்னால் வியாபாரம் நடக்காது. மாற்றுப் பட்டியல் ஒன்று எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். முதல் வரிசைக் காற்றுத் தடுப்புக்குத் தாழை, சங்கங்குப்பி. அடுத்து பூவரசு, புன்னை, புங்கன். நிழலுக்கு, நம் கரையின் சொந்த முகமான குடைவேல். இயற்கையே குடை பிடித்த மாதிரி கத்தரித்து வைத்திருக்கும் மரம் அது, காசு கொடுத்துக் கத்தரிக்க வேண்டியதில்லை. பூவுக்குக் காகிதப்பூ, அரளி. எதை எத்தனை அடிக்கு அப்பால் நட்டு எத்தனை பிழைத்தது என்று நோட்டிலிருந்து எடுத்துக் காட்டினால், வாதம் அங்கேயே பாதி முடிந்துவிடும்.

கியாரண்டி விஷயத்திலும் ஒரே பேச்சு வேண்டும். தண்ணீர் 3க்கு மேல் போனால் புல்லுக்குக் கியாரண்டி கிடையாது என்று மதிப்பீட்டுத் தாளிலேயே எழுதிவிடுகிறோம். ஆனி மாதம் எடுத்த அளவு இல்லாமல் புல்தரை ஒப்புக்கொள்வதும் இல்லை.

படி 7: உயரம், கரண்ட், மருந்து

கோடையில் மட்டை கழிக்க அலுமினிய ஏணியும் இரும்புத் தொரட்டியும் எடுத்துப் போகிறோம், மேலே மின்கம்பி. இந்த இரண்டையும் குழுவில் யாரும் வைத்திருக்கக் கூடாது, மூங்கிலுக்கு மாறுங்கள். தென்னை ஏறுகிறவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியம் 2011லிருந்து ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்ற பயிற்சி நடத்துகிறது. ஆறு நாள், ஏறும் கருவியும் உண்டு, காப்பீடும் உண்டு. மற்றவர்கள் குறைந்தபட்சம் வங்கிக் கணக்கிலிருந்து வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் சேருங்கள். 18 முதல் 70 வயது வரை, இரண்டு லட்சம். உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியப் பதிவையும் ஒரே நாளில் எல்லோருமாகப் போய் முடியுங்கள். தனித்தனியாகப் போனால் ஆதார் நகலை மறந்துவிட்டுத் திரும்பி வருவோம்.

மருந்து அடிப்பதில் ஒன்று மட்டும்: காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதே என்று எல்லோரும் சொல்வார்கள். நம் கரையில் காலை பத்து மணிக்கு மேல் காற்றே திசை மாறும். ஒன்பதரைக்குத் தெளிப்பானைக் கழுவி வைத்துவிட வேண்டும்.

படி 8: ஆள், கூலி, பதிவு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக் காலம். விசைப்படகில் போகும் பையன்கள் கரையில் இருப்பார்கள். கயிறு, முடிச்சு, பாரம் தூக்குவது எல்லாம் நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். குழி எடுப்பு, வேலி, பந்தல் வேலைகளை அந்த இரண்டு மாதத்துக்கு ஒதுக்கி வைத்தால் இரண்டு பக்கமும் லாபம். நடவு மட்டும் வேண்டாம், அது ஐப்பசி மழைக்கு.

கூலியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. குறைந்தபட்சக் கூலியைக் குழுவில் பேசி, அதற்குக் கீழே யாரும் ஆள் அனுப்புவதில்லை என்று ஒரு வாய்ப்பேச்சு. அவ்வளவுதான், இதுவரை நிற்கிறது.

பதிவு இரண்டாம் வருடத்துக்கு மேல் பாருங்கள். சங்கமாக வேண்டுமென்றால் 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும். சேர்ந்து நாற்று விற்பது, உரம் வாங்குவது என்று வியாபாரம் இருந்தால் உற்பத்தியாளர் கம்பெனி, அதற்குப் பத்து உற்பத்தியாளர்கள் வேண்டும். ஆடிட்டர் செலவு, ஆண்டுக் கணக்கு எல்லாம் பின்னாலேயே வரும். பேனர் அடிக்கிற ஆசையில் முதல் மாதமே பதிவு செய்து, பொருளாளர் யார் என்பதில் உடைந்த ஒரு கூட்டத்தை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

படி 9: சேர்ந்து ஒரு சோதனை

கூட்டம் ஒரு வருடம் ஓடியதும் பேச்சு திரும்பத் திரும்ப வரும். அப்போது எல்லோருமாக ஒரு சோதனையில் இறங்குங்கள். சின்னதாக, செலவில்லாததாக.

நாங்கள் இப்போது செய்துகொண்டிருப்பது இது. உச்சிப்புளியில் ஒரு உறுப்பினரின் ஷேடு நெட்டுக்கு வெளியே மூன்று தட்டு. மூன்றிலும் ஊற்று மணல், மூன்றிலும் பாதி மெக்சிகன் புல், பாதி காக்கா விசாரித்து உள்நாட்டு நர்சரியிலிருந்து வரவழைத்த பாஸ்பாலம். முதல் தட்டுக்குக் குடிநீர்க் குழாய்த் தண்ணீர், ஈ.சி. 0.6. இரண்டாவதுக்கு ஊற்றுக்குழித் தண்ணீர், 2.1. மூன்றாவதுக்கு, என்னை ஏமாற்றிய அதே விடுதிக் கிணற்றிலிருந்து கேனில் கொண்டுவருவது. போன செவ்வாய் 4.8 இருந்தது. கிழமைக்கு ஒருவர் ஊற்றி, தட்டின் ஓரத்தில் தொங்கும் அட்டையில் தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். மூன்றாவது தட்டில் மெக்சிகன் பாதி ஓரம் வெளுக்க ஆரம்பித்துவிட்டது. பாஸ்பாலம் இன்னும் அசையவில்லை. நாற்று அக்கா மட்டும், “மணல அலசி ஊத்துனீங்களா, சும்மா ஊத்துனீங்களா” என்று கேட்டார். யாரும் அலசவில்லை. வரும் செவ்வாயிலிருந்து நான்காவது தட்டு ஒன்று வைக்கிறோம்.